24 மணி நேரத்துக்கு ஒரே ஆள்

பெற்றோரைச் சென்னையில் விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் பலரை நான் போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே விடிந்திருக்கும், இங்கே இருட்டியிருக்கும். "அம்மா சாப்பிட்டாங்களா, மோஷன் போனாங்களா, மாத்திரை குடுத்தாச்சா" என்று கேட்பீர்கள். பதில் சொல்லிவிட்டுப் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், அல்லது யாரென்று தெரியாமல் என் பக்கம் திரும்புவார். அப்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். வயசான காலத்தில் விட்டுட்டுப் போய்ட்டாங்க என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை.

உங்கள் பாசத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். 24 மணி நேர டியூட்டி என்று சொல்லி உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரே ஆளை வைக்காதீர்கள். எந்த மனுஷியாலும் 24 மணி நேரம் வேலை பார்க்க முடியாது. முடியும் என்று ஏஜென்சி சொல்கிறது, பிழைப்புக்காக நாங்களும் தலையாட்டுகிறோம், நீங்கள் நம்பிவிடுகிறீர்கள். கஷ்டப்படுவது கட்டிலில் படுத்திருப்பவர்.

ஏஜென்சிக்கு நீங்கள் போன் செய்யும்போதே இது ஆரம்பித்துவிடுகிறது. பேஷன்ட் ஆணா பெண்ணா, என்ன வயசு, எவ்வளவு எடை, நடப்பாரா, படுக்கையா என்று விசாரித்துவிட்டு இரண்டு தொகை சொல்வார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்று, 24 மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டாவது தொகை பெரும்பாலும் முதலாவதைப்போல இரண்டு மடங்கு இருக்காது, அதைவிடக் குறைவாகவே இருக்கும். ராத்திரி பேஷன்ட் தூங்குவார், ஆளும் தூங்குவாள் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி நடக்கிற வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. முதலில் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து என் பக்கமாக உருட்டுவேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. டயாபர் நனைந்திருந்தால் மாற்றி, துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, அடியில் இருக்கும் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். சுருக்கம் இருந்தால் அந்த இடம் சிவக்கும். அவசரமில்லாமல் செய்தால் இதற்கே இருபது நிமிஷம் ஆகும். பிறகு நான் கண்ணயர்ந்தால் அடுத்த முறைக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும். காலை ஆறு மணிக்குக் காபி, பல் துலக்குவது, உடம்பு துடைப்பது என்று பகல் டியூட்டி ஆரம்பித்துவிடும். அதுவும் என் டியூட்டிதான்.

படுக்கைப்புண் எப்படி வருகிறது என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். முதலில் வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு தெரியும். விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் வெளுத்து, மறுபடி சிவந்தால் பெரிய பயமில்லை. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பே சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்த்து, சூட்டையும் கடினத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் படுக்க விடாமல் பார்த்துக்கொண்டே சரிசெய்துவிடலாம். தவறவிட்டால் சில நாட்களில் தோல் உரியும், பிறகு குழி விழும். குழி விழுந்த புண் ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு அது ஆறுவதே இல்லை. தொடர்ந்து பல ராத்திரி தூங்காத ஒருத்தி, விடியற்காலை நான்கு மணிக்கு மங்கலான விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பைப் பார்ப்பாள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். ஏர் பெட் நல்லதுதான், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அது தானாக ஆளைத் திருப்பாது.

தூக்கம் போனால் புண் மட்டும் வருவதில்லை, பொறுமையும் போகிறது. முதியவர்களை அதட்டுகிற, கையைப் பிடித்து இழுக்கிற வீடியோக்கள் அவ்வப்போது பரவுகின்றன. பார்க்கவே பதறுகிறது. அடிப்பவரை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பெண் அதற்கு முன் எத்தனை ராத்திரி தூங்கவில்லை, கடைசியாக எப்போது லீவில் போனாள் என்று யாராவது விசாரித்ததாகத் தெரியவில்லை. அதை விசாரித்தால்தான் அடுத்த வீட்டில் அது நடக்காமல் தடுக்க முடியும்.

மறதி நோய் வந்தவர் வீட்டில் ராத்திரி இன்னும் வேறு மாதிரி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவர்களுக்குப் பதற்றம் கூடும். மேற்கு மாம்பலத்தில் நான் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு மஞ்சள் பையில் வேட்டியும் துண்டும் மடித்து வைத்துக்கொண்டு, "நேரமாச்சும்மா, கடைசி பஸ் போயிடும்" என்பார். அவர் சொந்தமாகக் கட்டின வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். "இதுதாம்ப்பா உங்க வீடு" என்று மகள் போனில் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாலும் அவர் கோபம்தான் கூடும். நான் பையை வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் கூடவே நடப்பேன். எந்த ஊர் பஸ், அங்கே யார் இருக்காங்க, போனதும் என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அத்தை செய்கிற கேழ்வரகுக் கூழைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார் என்றால் அன்றைக்குத் தப்பித்தோம். "பஸ் நாளைக்குத்தானாம் ஐயா, சாப்பிட்டுப் படுங்க" என்றால் வந்துவிடுவார். சில நாள் இது ஒருமுறையோடு முடியும். சில நாள் விடிய விடிய நடப்போம். எதிர்த்துப் பேசாமல், ஒரே கேள்விக்கு முப்பதாவது முறையும் முதல் முறை கேட்பதுபோல் பதில் சொல்வதற்குத் தூங்கி எழுந்த மனசு வேண்டும்.

மறதி நோய் உள்ளவர்கள் பொருளை ஒளித்து வைப்பார்கள். வைத்த இடத்தை மறப்பார்கள். பிறகு கூட இருப்பவள் எடுத்துவிட்டாள் என்பார்கள். இது நோயின் குணம். டாக்டரைக் கேட்டால் அவரும் சொல்வார். ஆனால் வளையல் காணோம் என்று அம்மா சொன்ன மறு நிமிஷம் ஏஜென்சிக்குப் போன் போகிறது, எங்கள் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை அப்படித்தான் அனுப்பினார்கள். அந்த மாதச் சம்பளமும் கொடுக்கவில்லை. வளையல் பிறகு அரிசி டின்னில் கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லவே இல்லை, தெருமுனை இஸ்திரிக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆள் வருவதற்கு முன்னால் நகையையும் பணத்தையும் பூட்டி, பட்டியல் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. ஏதாவது காணாமல் போனால் முதலில் தலையணை உறை, பீரோ அடி, சாமி அலமாரி, அரிசி டின் எல்லாம் பாருங்கள்.

கேமரா வைக்கிறீர்கள். வையுங்கள். தூரத்தில் இருப்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் உடை மாற்றுகிற இடத்தில் வைக்காதீர்கள், எங்கே வைத்திருக்கிறது என்று எங்களிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவின் டயாபரை மாற்றுவதும் உடம்பைத் துடைப்பதும் அந்தக் கேமராவில் பதிவாகிறது என்பதையும் யோசியுங்கள். அதை யார் யாரெல்லாம் பார்க்கலாம் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

ஜாதி பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமை ஆகாது. மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் அடையாறிலும் ஏஜென்சியிடம் கேட்கிற முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்று. நேராகக் கேட்காதவர்கள் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். உங்கள் அம்மாவின் மலத்தைக் கையுறை போட்ட கையால் எடுக்கலாம், அவர் வாயைத் துடைக்கலாம், மூக்கு டியூபில் கஞ்சி ஊற்றலாம். ஆனால் சமையல்கட்டுக்குள் வரக்கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது, டம்ளர் தனி, தட்டு தனி. பெரியவர்கள் பழைய காலத்து ஆட்கள், மாற்ற முடியாது என்பீர்கள். தட்டு தனியாக எடுத்து வையுங்கள் என்று சமையல்காரம்மாவிடம் போனில் சொல்வது பெரியவர்கள் மட்டும் இல்லை, நீங்களும்தான். விழுப்புரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டு வந்திருக்கும் பெண்கள் இதைச் சகித்துக்கொண்டு இருக்கிறார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். பாஷை தெரியாத அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லும்?

இன்னொன்றும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சில வீடுகளில் பெரியவரே தப்பாக நடந்துகொள்வார். மூளை பாதிப்பால் அப்படி நடப்பவர்களும் உண்டு, தெரிந்தே செய்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்து போகிற உறவினர்களும் உண்டு. நாங்கள் சொன்னால், "அப்பாவா? சான்ஸே இல்லை" என்று முடித்துவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். வீட்டு வேலை செய்பவர்கள் புகார் கொடுக்க மாவட்டம்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181. ஆண் பேஷன்ட்டுக்கு ஆண் அட்டெண்டர் கிடைத்தால் அவரையே வையுங்கள். கிடைக்காவிட்டால் குளிப்பாட்டும் நேரத்திலாவது இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும்.

மருத்துவ வேலைகளில் எங்கே கோடு போடுவது என்பதும் முக்கியம். நாங்கள் நர்ஸ் இல்லை. எங்களில் பலர் சில வாரப் பயிற்சி எடுத்தவர்கள், சிலர் அதுவும் எடுக்காமல் ஏஜென்சியிலிருந்து நேராக வந்தவர்கள். மூக்கு டியூப் வழியாக உணவு கொடுப்பது எங்கள் வேலை. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்கார வைத்து, மெதுவாக ஊற்றி, கடைசியில் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, அரை மணி நேரமாவது படுக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்வோம். ஆனால் ராத்திரி டியூப் வெளியே வந்துவிட்டால், "வீடியோ அனுப்பறேன், பார்த்துப் பார்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லாதீர்கள். அது உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய், தெரியாமல் கஞ்சியை ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கும். உயிரே போய்விடலாம். யூரின் குழாய் மாற்றுவதும் அப்படித்தான். பேக்கைக் காலி செய்வது, கட்டில் மட்டத்துக்குக் கீழேயே தொங்கவிடுவது, நிறம் மாறினால் சொல்வது எங்கள் பொறுப்பு. மாற்றுவதற்கு நர்ஸ் வர வேண்டும்.

இதற்கு எப்போதும் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போன் செய்ய வேண்டும் என்று இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இல்லை, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்தார்கள். உங்கள் பெற்றோர் வசதியானவர்கள் என்பதால் இதெல்லாம் அவர்களுக்கு இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முதியோர் உதவி எண் 14567-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பது கிலோ எடையுள்ளவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தனியாளாகத் தூக்குகிறோம். அப்போது கால் வழுக்கினால் இரண்டு பேரும் விழுவோம். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை. உயரம் ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது. பழைய தேக்குக் கட்டிலின் மேல் உள்ள பிரியத்தை விட்டுவிட்டு அதைக் கொண்டுவாருங்கள். தூக்கும் நேரத்துக்கு வாட்ச்மேனோ பக்கத்து வீட்டுப் பையனோ வர ஏற்பாடு செய்யுங்கள். பெட்டி பெட்டியாகக் கையுறை வாங்கி வையுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி எங்களுக்கும் போடச் சொல்லுங்கள், செலவு பெரிதில்லை.

பணம் பற்றி. நீங்கள் ஏஜென்சிக்குக் கொடுப்பது முழுதும் எங்கள் கைக்கு வருவதில்லை. கமிஷன் போகும், சில இடங்களில் மாசா மாசம் போகும். அசல் ஆதாரையோ சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் வேலையை விட்டால் தர மாட்டோம் என்கிற இடங்களும் இருக்கின்றன. "உங்க கைக்கு எவ்வளவு வருது?" என்று எங்களிடம் தனியாகக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மருமகள் ஏஜென்சியிடம் சண்டை போட்டு என் சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பி வாங்கித் தந்தார். அவரை நான் மறக்கவே மாட்டேன்.

சட்டம் எங்களை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பிள்ளைகளின் கடமையைச் சொல்கிறது, பக்கத்தில் இருந்து கவனிப்பவளைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2019-இல் திருத்த மசோதா ஒன்று வந்தது, நிறைவேறாமலே காலாவதியானது. வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆவது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை 2011-இல் ஏற்படுத்தினார்கள், இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் பெயர் பதிவு செய்ய எங்களுக்கு ஒருநாள் லீவும், ஒரு கையெழுத்தும் கொடுத்தால் பெரிய உதவி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-இல் 18 பேர் ஆவார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஆள் இன்னும் நிறையத் தேவைப்படும். இப்படியே வைத்திருந்தால் யார் வருவார்கள்? இப்போதே என் கூட வேலை பார்த்தவர்கள் பலர் துணிக்கடைக்கும் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். அங்கே நிற்க வேண்டும், ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போய்விடலாம்.

உங்கள் அம்மா இறந்துபோகும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி மூச்சு மாறும்போது பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நாங்கள்தான். வாயில் தண்ணீர் தொட்டு வைப்பதும், உங்களுக்குப் போன் போடுவதும், நீங்கள் விமானத்தில் வந்து சேரும் வரை முகத்தைத் துடைத்துக் கையைக் காலை நேராக வைப்பதும் நாங்கள். நீங்கள் வந்ததும் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. அன்று வரைக்கும் நாள் கணக்குப் போட்டுச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அடுத்த நாளே வேறு வீடு, வேறு பேஷன்ட். இரண்டு வருஷம் ஒரு உடம்பைக் கழுவித் துடைத்தவளுக்கும் துக்கம் இருக்கும். காரியத்துக்குக் கூப்பிடுங்கள். ஒரு வாரச் சம்பளம் சேர்த்துக் கொடுங்கள், ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வரட்டும். அம்மா கடைசி நாட்களில் என்ன பேசினார், யாரைக் கேட்டார் என்று எங்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத எத்தனையோ எங்களுக்குத் தெரியும். இதுவரை மிகச் சிலர்தான் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஆள் வைத்தால் செலவு தாங்காது என்று உங்களில் பலர் சொல்வீர்கள். எல்லாரும் டாலரில் சம்பாதிப்பதில்லை, அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் இப்படிச் செய்து பாருங்கள். பேஷன்ட் தானாகப் புரளுபவர், ராத்திரி ஒருமுறை மட்டும் பாத்ரூம் போக எழுப்புவார் என்றால் ஒரே ஆள் போதும். ஆனால் பகலில் மூன்று மணி நேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் அறையும், அந்த நேரத்துக்கு வீட்டில் வேறொருவரும் இருக்க வேண்டும். புரள முடியாதவர், அல்லது ராத்திரி நடக்கிறவர் என்றால் ராத்திரிக்குத் தனி ஆள் இல்லாமல் முடியாது. மாதம் முழுதும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று ராத்திரிக்காவது ஒரு ஆளைப் போடுங்கள். மீதி ராத்திரிகளை உள்ளூரில் இருக்கும் தம்பி, சித்தப்பா மகன், காலேஜ் போகிற பேரன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஒருமுறை திருப்பிவிடப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரே மாலையில் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன். வாரத்துக்கு ஒருநாள் முழு லீவு. அன்றைக்கு வருகிற மாற்று ஆளுக்கு மாத்திரை நேரம், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், சாதத்தை எவ்வளவு குழைக்க வேண்டும், எந்தப் பாட்டுப் போட்டால் அமைதியாவார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்களில் எழுதத் தெரியாதவர்கள் சொல்வார்கள், நீங்கள் போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்களும் ஒரு வாரம் ராத்திரி டியூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கூட இருந்து கற்றுக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களைப் போன்றவர்களின் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவள்,
சென்னை.